நத்தம்: பட்டாவிலும் மேட்டிலும்

தாலுகா அலுவலக வாசலில் கால்மணி நேரம் நின்றால் ‘நத்தம்’ என்ற சொல் காதில் விழாமல் போகாது. நத்தம் பட்டா, கிராம நத்தம், நத்தம் புறம்போக்கு. உழுகிற நிலம் அல்ல, ஊரார் குடியிருக்கும் இடம் என்று பொருள். தஞ்சைப் பெரிய கோயிலின் ராஜராஜன் கல்வெட்டுகள் ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சேரி, சுடுகாடு எல்லாவற்றையும் கழித்துவிட்டு மீதி நிலத்துக்குத்தான் வரி கணக்கிடுகின்றன. கணக்குப்பிள்ளைச் சொல்லுக்கு ஆயுள் கெட்டி.

235ஆம் குறளும் ‘நத்தம்’ என்றே தொடங்குகிறது. பரிமேலழகர் அதை ‘நந்து’ என்பதிலிருந்து வருவித்து, ஆக்கம் என்று உரை சொல்கிறார். ஊரைக் குறிக்கும் நத்தத்தையும் இதோடு ஒட்டவைக்க ஆசை வரும். ஒலி ஒத்தால் மட்டும் உறவாகிவிடாது, விட்டுவிடலாம்.

குடிகள் பெயர்ந்துபோன நத்தம் ‘நத்தமேடு’ ஆகிறது. மண்சுவர் இடிந்த இடத்திலேயே அடுத்த வீடு எழும்பும். அடுப்புச் சாம்பல், சாணம், உடைந்த பானை எல்லாம் சேர்ந்து தரை உயரும். ஊர் சுருங்கினால் காலியான வீட்டடியில் கருவேல் முளைக்கும். அந்தச் சாம்பல் நிற மண்ணை உரமென்று வயலுக்கு அள்ளியே கரைந்துபோன மேடுகள் உண்டு. மழை ஓய்ந்த மறுநாள் போய்ப் பார்த்தால், உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமான ஓட்டுச் சில்லுகள் கழுவிவைத்தாற்போலக் கிடக்கும்.

2013–14இல் வைகைக் கரையோரம் ஆய்வு செய்த மத்தியத் தொல்லியல் துறை 293 தொல்லிடங்களைக் கண்டது. அவற்றில் ஒன்றுதான் மதுரைக்குத் தென்கிழக்கே, தென்னந்தோப்புக்கு அடியில் இருந்த கீழடி. உள்ளூரில் அதற்குப் பள்ளிச்சந்தைத் திடல் என்று பெயர். திடல், மேடு, பொட்டல் எல்லாம் கண்ணுக்குத் தெரிவதைச் சொல்பவை. ஆள் இருந்ததைச் சொல்வது நத்தம் ஒன்றுதான்.

மதுரைக்குள்ளேயே ஒரு நத்தம் இருக்கிறது: பழங்காநத்தம். 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்தார். அதன்பின் வெளியே பரவிய நகரம் பிற்பாடு இதையும் சேர்த்துக்கொண்டது. இன்று கேட்டால் ரவுண்டானா என்பார்கள். பக்கத்தில் கோவலன் பொட்டல். கோவலன் வெட்டுண்ட இடம் என்பது ஊர்ப்பேச்சு. 1980ஐ ஒட்டித் தமிழகத் தொல்லியல் துறை அங்கே தோண்டியபோது கிடைத்தவை ஈமத்தாழிகள்.