தாம்பரம் வண்டியும் ஏஎஸ்எல்வி ராக்கெட்டும்

தாம்பரத்துல பத்து நிமிஷத்துக்கு ஒரு பீச் வண்டின்னு வெச்சுக்குவோம். ஒண்ணு பதினாலு நிமிஷம் கழிச்சு வருது, அடுத்தது ஆறே நிமிஷத்துல வந்துடுது. சராசரி பாத்தா கரெக்டா பத்து! ஆனா பிளாட்பாரத்துல நிக்கறவனுக்கு சராசரியால என்ன பிரயோசனம்? இந்தத் தள்ளாட்டத்துக்குத்தான் எங்க தொழில்ல 'ஜிட்டர்'னு பேரு.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். சானடோரியம் பக்கம் ஒரு சின்ன கம்பெனி. மோட்டார் கன்ட்ரோல் போர்டோட மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தேன். 10 மில்லிசெகண்டுக்கு ஒருதரம் வேகத்தை அளந்து திருத்தணும். மோட்டாரோ அப்பப்ப உதறுது. மூணு நாள் மண்டை காய்ஞ்சுது. சராசரி 10தான் காட்டுது. நாலாம் நாள் ஆசிலாஸ்கோப்புல ஒவ்வொரு சுத்தையும் தனித்தனியா பாத்தா, ஒண்ணு 14, அடுத்தது 6! நடுவுல நான் போட்ட ஒரு பிரிண்ட் வரிதான் வில்லன். என் புரோகிராமோ எல்லாமே 10ன்னு நம்பிக் கணக்குப் போட்டுக்கிட்டிருந்தது.

"கடிகாரத்தை நம்பாதப்பா, நடந்ததை அள"ன்னார் சீனியர். அப்போ அவர் சொன்னதுதான் ஏஎஸ்எல்வி கதை.

எஸ்எல்வி-3க்கு அப்புறம் இஸ்ரோ கட்டிய ராக்கெட் இது. 150 கிலோ செயற்கைக்கோளைத் தூக்கணும். தரையிலிருந்து கிளப்புவது பக்கவாட்டில் இருக்கும் இரண்டு மோட்டார்கள். அவை எரிந்து முடியும் நேரத்தில், பறக்கும்போதே, நடு மோட்டார் பற்றிக்கொள்ள வேண்டும்.

1987 மார்ச் 24, ஸ்ரீஹரிகோட்டா. நடு மோட்டார் பற்றவே இல்லை. ராக்கெட் கடலில் விழுந்தது. 1988 ஜூலை 13, இரண்டாவது முயற்சி. இந்த முறை பற்றியது. ஆனாலும் கிளம்பி ஒரு நிமிஷத்துக்குள் கட்டுப்பாடு இழந்து உடைந்தது.

திட எரிபொருள் மோட்டாரும் தீபாவளி ராக்கெட் மாதிரிதான். பத்த வெச்சா வெச்சதுதான், கூட்டவோ குறைக்கவோ முடியாது. எரிந்து முடிகிற நேரமும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். நடு மோட்டார் பற்றுவதோ முன்கூட்டியே குறித்த நேரத்தில். பக்கத்து மோட்டார்கள் சீக்கிரம் ஓய்ந்ததால் நடுவில் ஒரு சின்ன இடைவெளி விழுந்தது. சுக்கான் பிடிக்க ஆளில்லாத அந்த இடைவெளி, காற்றின் அழுத்தம் உச்சத்தில் இருக்கும் கட்டத்தில் வந்ததுதான் வினை.

திருத்தம் என்ன? குறித்த நேரத்துக்குக் காத்திருக்காமல், பக்கத்து மோட்டார்களின் உந்துவிசை குறைவதை ராக்கெட்டே உணர்ந்து நடு மோட்டாரைப் பற்றவைக்கும்படி மாற்றினார்கள். ஆட்டத்தை அடக்க வால்பக்கம் இறக்கைகளும் சேர்த்தார்கள்.

1992 மே 20, மூன்றாவது ஏஎஸ்எல்வி பறந்தது. எதிர்பார்த்ததைவிடத் தாழ்வான சுற்றுப்பாதைதான், செயற்கைக்கோள் இரண்டு மாசம்கூட தாங்கலை. ஆனால் ரெண்டு ராக்கெட்டைக் காவு வாங்கிய அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டது. 1994 மே 4, நாலாவது முழு வெற்றி.

நானும் பிரிண்ட் வரியைத் தூக்கிட்டு, ஒவ்வொரு சுத்துக்கும் நிஜமா எவ்வளவு நேரமாச்சுன்னு அளந்து கணக்குப் போட்டேன். மோட்டார் உதறல் நின்னுது.

எனக்குப் போனது மூணு நாள் தூக்கம். அவங்களுக்கு ரெண்டு ராக்கெட், அஞ்சு வருஷம். பாடம் என்னவோ ஒண்ணுதான். உங்களையும் சராசரி இப்படி ஏமாத்தியிருந்தா சொல்லிட்டுப் போங்க மக்கா!