தித்திப்புத் தீர்ந்த பிறகு

சூயிங்கம்மைப் பற்றிக் கட்டுரை எழுதப்போகிறேன் என்று சொன்னதும் என் மனைவி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "எழுபது வயசுக்கு மேலே உங்களுக்கு இது வேறேயா?" என்றாள். அவள் கேட்டதில் தவறு ஒன்றுமில்லை. வெற்றிலை பாக்கைப் பற்றி எழுதினால் அது பண்பாடு. சூயிங்கம்மைப் பற்றி எழுதினால் அது விடலைத்தனம். நம்மவர்களின் பொது அபிப்பிராயம் அதுதான். போன மாதம் வரையில் என் அபிப்பிராயமும் அதுவாகவே இருந்தது.

அது மாறியதற்குக் காரணம் ஒரு தற்செயல். கிரேக்க தேசத்துக்கு யாத்திரை போய்வந்த நண்பர் ஒருவர், "வாய்க்கு நல்லது" என்று ஒரு சிறு டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போனார். அதே வாரத்தில் இன்னொரு நண்பரின் பிள்ளை மெக்ஸிகோவிலிருந்து ஒரு பொட்டலம் கொண்டுவந்தான். இரண்டையும் பிரித்துப் பார்த்த என் பேத்தி, முனைக் கடைக்கு ஓடிப்போய்த் தன் பங்குக்கு ஒரு பபிள்கம் வாங்கி வந்து மேஜைமேல் வைத்தாள். "மூணையும் மென்னு பார்த்து எதுக்கு முதல் பரிசுன்னு சொல்லணும், தாத்தா. ஆனா விழுங்கிடக் கூடாது" என்று உத்தரவு போட்டாள்.

என் பற்களில் இருபத்துமூன்று இன்னும் எனக்கே சொந்தம். அவற்றின்மேல் பாரத்தைப் போட்டு, எதிரில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு பரீட்சையை ஆரம்பித்தேன்.

முதலில் கிரேக்கச் சரக்கு. பார்ப்பதற்குக் கற்கண்டைப் பொடித்து வைத்தது போல் இருந்தது. வாயில் போட்டுக் கடித்ததும் மணலாக உதிர்ந்தது. "ஏமாந்தோம்" என்று எண்ணுவதற்குள் உதிர்ந்ததெல்லாம் ஒன்றுகூடி வெள்ளை வெளேரென்று ஓர் உருண்டையாகத் திரண்டுவிட்டது. தித்திப்பு என்ற பேச்சே கிடையாது. முதலில் லேசான கசப்பு. அப்புறம் தேவதாரு மரத்தை இழைக்கும் தச்சுப் பட்டறையில் நுழைந்தாற்போல ஒரு வாசனை. அரைமணி நேரம் கழித்தும் அந்த வாசனை போகவில்லை.

இதற்கு மாஸ்டிக் என்று பெயர். நம் ஊர் நாட்டு மருந்துக் கடைகளில் 'ரூமி மஸ்தகி' என்று விற்கிறார்களே, அதே பிசின்தான். ஈஜியன் கடலில், துருக்கிக் கரைக்கு அருகே கியோஸ் என்றொரு தீவு இருக்கிறது. அதன் தென்பகுதிக் கிராமங்களில் கோடை வந்ததும் மரத்தடியைப் பெருக்கிச் சமன் செய்து வெள்ளை மண்ணைத் தூவுவார்கள். பிறகு பட்டையில் சிறு சிறு கீறலாகக் கீறுவார்கள். கசியும் பிசின் சொட்டுச் சொட்டாக விழுந்து உறையும். அந்தச் சொட்டுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'கண்ணீர்'. இந்தக் கைவேலையை 2014ஆம் ஆண்டில் யுனெஸ்கோ மானிட குலத்தின் பாரம்பரியச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது.

அந்தத் தீவு உண்மையாகவே கண்ணீர் வடித்த காலமும் உண்டு. 1822இல் துருக்கிச் சுல்தானின் படைகள் கியோஸ் தீவில் புகுந்து பெரும் படுகொலை நடத்தின. பிரெஞ்சு ஓவியர் டெலாக்ருவா 1824இல் தீட்டிய புகழ்பெற்ற சித்திரம் அந்தக் கோரத்தைப் பற்றியதுதான். ஆனால் பிசின் எடுக்கும் கிராமங்களை மட்டும் பெரும்பாலும் விட்டுவைத்தார்கள். அரண்மனைக்கு மாஸ்டிக் வேண்டியிருந்தது! அந்தப்புரத்து மாதர்கள் மெல்லும் பொருள் சில ஆயிரம் குடியானவர்களின் உயிரைக் காப்பாற்றியது என்றால், அதை அற்ப வஸ்து என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

மனிதன் மரத்துப் பிசினை மெல்லுவது நேற்று வந்த பழக்கம் அல்ல. டென்மார்க்கில் லோலான் என்ற தீவில் பூமியைத் தோண்டியபோது, யாரோ மென்று துப்பிய பிர்ச் மரத்துக் கீல் ஒன்று கிடைத்தது. அதன் வயது சுமார் 5700 ஆண்டுகள். 2019இல் விஞ்ஞானிகள் அதில் ஒட்டியிருந்த எச்சிலைக் கொண்டே மென்றவள் ஒரு பெண், கறுத்த மேனி, கருங்கூந்தல், நீலக் கண்கள் என்று சொல்லிவிட்டார்கள். அவள் காட்டு வாத்தும் ஹேசல் கொட்டையும் தின்றிருக்கிறாள் என்றுகூடக் கண்டுபிடித்தார்கள். அவளுடைய எலும்பு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. துப்பியது கிடைத்தது, அது போதுமானதாக இருந்தது.

நிற்க. இரண்டாவது, மெக்ஸிகோப் பொட்டலம். வாயில் போட்டதும் கொஞ்சம் உதிர்ந்து பிறகு வெண்ணெய் போல் இளகியது. மிதமான தித்திப்பும் புதினா வாசனையும் பத்து நிமிஷம் வரையில் நின்றன. அவை போன பிறகும் துப்ப மனம் வரவில்லை. பல்லோடு மல்லுக்கு நிற்காமல், சொன்னபடி கேட்கும் குழந்தை மாதிரி வளைந்து கொடுத்தது. ஊதிப் பார்த்தேன். குமிழி வரவில்லை. பேத்தி உதட்டைப் பிதுக்கினாள்.

பொட்டலத்தின்மேல் அச்சிட்டிருந்த மரத்தின் படத்தைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இலையும் காயும் நன்றாகத் தெரிந்த முகம்! எங்கள் வீட்டுக் கொல்லையில் கிணற்றடியில் நிற்கிறதே, அதே சப்போட்டா. சின்ன வயதில் பழுக்காத சப்போட்டாவைக் கடித்துவிட்டு, உதட்டில் ஒட்டிய பாலை எண்ணெய் தடவித் துடைத்த அனுபவம் உங்களில் பலருக்கும் இருக்கும். உலகத்துச் சூயிங்கம் வியாபாரம் ஒரு காலத்தில் பெரும்பாலும் அந்தப் பாலைக் கொண்டுதான் நடந்தது.

சப்போட்டா நம் நாட்டு மரம் அல்ல. மெக்ஸிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் பிறந்தது. ஸ்பானியர்கள் பிலிப்பைன்ஸுக்குக் கொண்டுபோக, அங்கிருந்து ஆசியாவில் பரவியது. இலுப்பையின் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால் நம் பெரியவர்கள் சீமை இலுப்பை என்றார்கள். அதன் தாயகத்தில் மாயர்கள் அந்த மரத்தின் கட்டையைக் கோயில் வாசல்களுக்கு உத்தரமாக வைத்தார்கள். குவாதமாலாவில் திகால் என்னும் பாழ்நகரிலிருந்து எடுத்துப்போன 8ஆம் நூற்றாண்டுச் சப்போட்டா உத்தரம் ஒன்று, செதுக்கு வேலைப்பாடு அழியாமல் ஸ்விட்ஸர்லாந்தின் பாஸெல் நகரத்துக் காட்சிசாலையில் இருக்கிறது. கட்டை கோயிலுக்கு, பால் வாய்க்கு. அஸ்டெக் மக்கள் அந்தப் பாலைத் 'ட்ஸிக்ட்லி' என்றார்கள். ஸ்பானியர் வாயில் அது 'சிக்லே' ஆயிற்று. சிக்லெட்ஸ் என்ற பெயர் அதிலிருந்து வந்ததே. 16ஆம் நூற்றாண்டில் மெக்ஸிகோவில் வாழ்ந்த ஸஹாகுன் என்ற பாதிரியார் இதற்குள்ள ஆசாரங்களைக் குறித்து வைத்திருக்கிறார். கல்யாணமாகாத பெண்கள் நாலு பேர் எதிரில் மெல்லலாம். கல்யாணமானவர்கள் வீட்டுக்குள்தான் மெல்ல வேண்டும். ஆண்பிள்ளை வெளியில் மென்றால் ஊர் சிரிக்கும். இதைப் படித்துக் காட்டியதும் என் மனைவி, "அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு" என்று ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொன்னாள்.

அந்தப் பால் அமெரிக்காவுக்குப் போன கதையை நாவலாக எழுதினால், "இப்படியும் நடக்குமா?" என்று வாசகர்கள் கடிதம் போடுவார்கள். ஸாந்தா அன்னா என்று ஒரு மெக்ஸிகோத் தளபதி. நாட்டின் ஜனாதிபதி நாற்காலியில் பல தடவை ஏறி இறங்கியவர். 1836இல் அலமோக் கோட்டையைப் பிடித்து, அதே ஆண்டில் டெக்ஸாஸ்காரர்களிடம் சிறைப்பட்டவர். 1838இல் பிரெஞ்சுக்காரர்களோடு போரிட்டு ஒரு காலை இழந்தார். அந்தக் காலுக்கு 1842இல் ராணுவ மரியாதையோடு சமாதி எழுப்பினார்கள். இரண்டே வருஷத்தில் அதே ஜனங்கள் அதைத் தோண்டியெடுத்துத் தெருத்தெருவாக இழுத்தார்கள்! கடைசியில் நாட்டைவிட்டுத் துரத்தப்பட்டு, எழுபது வயதைத் தாண்டிய கிழவராக, 1866ஆம் ஆண்டு வாக்கில் நியூயார்க்கை அடுத்த ஸ்டாட்டன் தீவில் வந்து குடியிருந்தார்.

பதவியைத் திரும்பப் பிடிக்கப் பணம் வேண்டும். ரப்பர் அப்போது விலை உயர்ந்த சரக்கு. சிக்லேப் பாலை ரப்பராக மாற்றிவிட்டால் கொள்ளை லாபம் என்பது அவர் போட்ட கணக்கு. தாமஸ் ஆடம்ஸ் என்பவர் அதை நம்பிச் சோதனையில் இறங்கினார். வண்டிச் சக்கரத்துக்கு டயர், மழைக்குப் பூட்ஸ், பொம்மை எல்லாம் செய்து பார்த்தார். ஒன்றும் உருப்படவில்லை. தளபதி சலித்துப் போய் ஒதுங்கிவிட்டார். மிச்சச் சரக்கை ஆற்றில் கொட்டிவிட எண்ணிய ஆடம்ஸ், மருந்துக் கடையில் ஒரு சிறுமி ஒரு பென்னி கொடுத்து மெழுகுக் கம் வாங்குவதைக் கண்டு மனம் மாறினார் என்பது கர்ண பரம்பரை. அன்றைய அமெரிக்கர் மென்றது ஸ்ப்ரூஸ் மரத்துப் பிசின், இல்லாவிட்டால் பாரஃபின் மெழுகு. இரண்டையும்விட ஆடம்ஸின் சிக்லே பல்லுக்கு இதமாக இருந்தது. 1871இல் கம் செய்யும் யந்திரத்துக்கு அவர் காப்புரிமை வாங்கினார். ஸாந்தா அன்னாவுக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை. ஊர் திரும்பி 1876இல், கண்பார்வை மங்கி, வறுமையில் இறந்தார். யுத்தங்களில் அவர் தோற்றதைச் சரித்திரம் எழுதி வைத்திருக்கிறது. அவர் பெட்டியில் கொண்டுவந்த பால் உலகத்தை ஜயித்ததைப் பற்றி அவருக்கே தெரியாது.

1893இல் சிக்காகோவின் ரிக்லி, ஜூசி ஃப்ரூட்டையும் ஸ்பியர்மின்ட்டையும் சந்தையில் இறக்கினார். சோப்பு விற்க வந்தவர். சோப்போடு பேக்கிங் பவுடரை இனாமாகக் கொடுத்தார். பிறகு பேக்கிங் பவுடரோடு கம்மை இனாமாகக் கொடுத்தார். கடைசியில் ஜனங்கள் இனாமைத்தான் கேட்டார்கள். அமெரிக்கா மென்றது, யுகட்டான் காடுகளில் மரங்கள் வெட்டுப்பட்டன. மழைக்காலத்தில் 'சிக்லேரோ' என்னும் தொழிலாளி இடுப்புக் கயிற்றோடு மரம் ஏறி, அரிவாளால் வலமும் இடமுமாகச் சாய்வெட்டுப் போட்டுப் பாலை அடிமரத்துப் பைக்கு இறக்குவான். அரிவாள் தவறிக் கயிற்றில் பட்டால் அவன் கதை முடிந்தது. மணல் ஈ கடித்துக் காது மடலை அரிக்கும் வியாதி ஒன்றுக்கு வைத்தியர்கள் 'சிக்லேரோப் புண்' என்றே பெயரிட்டார்கள். காட்டில் புதைந்து கிடந்த மாயர் நகரங்களுக்கு வழி காட்டியவர்களும் இவர்களே. கலக்முல் என்ற மாநகரத்தை 1931 டிசம்பரில் ஆகாய விமானத்திலிருந்து கண்டவர், ஒரு சிக்லேக் கம்பெனியில் வேலை பார்த்த லண்டல் என்ற தாவர நிபுணர்.

ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஒரு தடவை பால் எடுத்த மரத்துக்குச் சில வருஷங்கள் ஓய்வு கொடுக்க வேண்டும். மரம் நின்றால்தான் பிழைப்பு. ஆகவே காடும் நின்றது.

இனி மூன்றாவது, பேத்தியின் பபிள்கம். கடித்த மாத்திரத்தில் தித்திப்பு வெள்ளமாகப் பாய்ந்தது. நான் ஓட்டையுள்ள பல்லைப் பிடித்துக்கொண்டேன். நாலு நிமிஷம்! வெள்ளம் வடிந்துவிட்டது. வாயில் மிஞ்சியது ருசியும் வாசனையும் இல்லாத ஒரு துள்ளல் மட்டுமே. பேத்தி அதே நேரத்தில் தன் முகத்தளவு குமிழி ஊதினாள். இந்தக் குமிழிக்குப் பிதா, பிலடெல்பியாவில் ஃப்ளீர் கம்பெனியில் கணக்கெழுதிய வால்ட்டர் டீமர். 1928இல் ஓய்வு நேரத்தில் கலவைகளைக் கிளறிக் கண்டுபிடித்தார். கைக்கு எட்டிய சாயம் இளஞ்சிவப்புதான். அதனால் பபிள்கம்மின் நிறமும் அதுவே ஆயிற்று.

ஆனால் அந்தத் துள்ளல் எங்கிருந்து வந்தது? 1942இல் ஜப்பானியர் மலாயாவைப் பிடித்தார்கள். அங்கே ரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் சீவியவர்களில் பலர் நம் தமிழ் ஜனங்கள். மலாயாவோடு மற்றத் தென்கிழக்கு ஆசிய நாடுகளும் விழவே, அமெரிக்காவுக்கு ரப்பர் வரத்து நின்றது. யுத்த வண்டிகளுக்கு டயர் வேண்டுமே! சர்க்கார் பணத்தைக் கொட்டிப் பெட்ரோலியத்திலிருந்து செயற்கை ரப்பரை மூட்டை மூட்டையாகச் செய்தார்கள். அதே யுத்தத்தில் அமெரிக்கச் சிப்பாயின் உணவுப் பொட்டலத்தில் கம்மும் இருந்தது. லண்டனிலும் டோக்கியோவிலும் குழந்தைகள் அவன் பின்னால் கைநீட்டி ஓடின. உலகமே மெல்லத் தொடங்கியபோது சப்போட்டாக் காடு ஈடுகொடுக்க முடியவில்லை. யுத்தம் முடிந்ததும் கம்பெனிகள் சிக்லேயைக் கைவிட்டுச் செயற்கை ரப்பருக்கும் பிளாஸ்டிக் பிசினுக்கும் மாறிவிட்டன.

தாமஸ் ஆடம்ஸ் கம்மை ரப்பராக்கப் பார்த்தார், முடியவில்லை. முக்கால் நூற்றாண்டு கழித்து ரப்பர் கம்மாயிற்று! மாறியதை எவரும் கவனிக்கவில்லை. மேலே போட்ட தித்திப்பும் வாசனையும் பழையபடியே இருந்தன. காகிதத்தைத் திருப்பிப் பாருங்கள். 'கம் பேஸ்' என்று இரண்டே சொல் போட்டிருக்கும். அந்த இரண்டு சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்கிறவர் யார்?

பேத்தி குமிழியை உடைத்துவிட்டு, "அப்போ நான் மெல்லுறது டயரா, தாத்தா?" என்று கேட்டாள்.

"டயருக்குத் தூரத்துச் சொந்தம்" என்றேன்.

அவள் சற்று யோசித்துவிட்டு மறுபடியும் மென்றாள். முதல் பரிசு குமிழிக்குத்தான் என்றும் தீர்ப்பளித்தாள். தித்திப்பைப் பார்த்தால் அவள் தீர்ப்பு சரிதான். வாசனைக்கு நான் கியோஸுக்குத்தான் கொடுப்பேன். ஆனால் தித்திப்பும் வாசனையும் தீர்ந்த பிறகு வாயில் வைத்திருக்கக் கூடியது எது என்று கேட்டால், குமிழி விடத் தெரியாத அந்த மெக்ஸிகோச் சரக்குதான். கின்டானா ரோ மாகாணத்துச் சிக்லேரோக்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்து இன்றும் அதைச் செய்கிறார்கள். துப்பினால் மண்ணோடு மக்கிவிடும். முனைக் கடைச் சரக்கு மக்காது. ரெயில் கதவில் ஒட்டித் தொல்லை கொடுத்ததென்று 1992இல் சிங்கப்பூர் சர்க்கார் அதன் விற்பனையையே தடை செய்தார்கள். 2004இல்தான் மருந்துக் கடை மூலம் சில வைத்தியக் கம்களை அனுமதித்தார்கள். ஐயாயிரம் வருஷம் கழித்து நம் தெருவைத் தோண்டுகிறவன் என்ன எடுப்பான் என்று எண்ணினேன். டென்மார்க்குப் பெண் மரத்தை விட்டுப்போனாள்.

சாயங்காலம் கிணற்றடிக்குப் போனேன். பேத்தியும் வந்தாள். ஒரு சப்போட்டாப் பிஞ்சைக் கிள்ளினேன். காம்பில் வெள்ளையாக ஒரு சொட்டுத் துளிர்த்தது. அவள் அதை விரலில் வாங்கி, கட்டைவிரலால் உருட்டி உருட்டிப் பார்த்தாள். சிறு உருண்டையாகத் திரண்டது.

"ஒட்டுது, தாத்தா" என்றாள் ஆச்சரியத்தோடு.