வெடிப்பின் எச்சமும் அளவையின் உரிமையும்

அணுகுண்டுப் பரிசோதனை என்றதும் வெடிப்பையே பரிசோதனையாக எண்ணிவிடுகிறோம். வெடிப்பு எத்துணைப் பிரம்மாண்டமானதாயினும், அதன் கதிர்வீச்சையும் எச்சத்தையும் அளந்து, அவ்வளவையைச் சேதமின்றி மீட்டு ஆய்வுக்கூடத்தில் சேர்க்கும்வரை அது வெறும் சம்பவமேயன்றி விஞ்ஞானமாகாது. அவ்வாறு மீட்ட எச்சத்தைப் படித்துப் பொருள் கூறும் உரிமை வெடித்தவர்க்கு மட்டுமே உரியதாகலாகாது என்பது என் வாதம்.

1952 நவம்பர் 1-ஆம் தேதி, பசிபிக் சமுத்திரத்து எனிவெடோக் பவளத்தீவுக் கூட்டத்தில், எலுகெலாப் தீவில் அமெரிக்கர் வெடித்த ‘மைக்’ வெப்ப அணுக்கருச் சாதனத்தின் சக்தி 10.4 மெகாடன். அருகே வைத்த கருவி எதுவும் மிஞ்சாதென முன்னறிந்த விஞ்ஞானிகள், ஒட்டுப்பலகையால் ஏறத்தாழ 2.7 கிலோமீட்டர் நீளமுள்ள பெட்டி போன்ற குழாயொன்றை அண்டைத் தீவுவரை அமைத்து, காற்று கதிர்களை விழுங்கிவிடாதபடி அதனுள் ஹீலிய வாயுவை நிரப்பி, வெடிப்பு அக்குழாயைத் தூளாக்குமுன் காமாக் கதிர்களும் நியூட்ரான்களும் மறுகோடியிலிருந்த கருவிகளில் பதிவாகிவிடுமாறு செய்தனர். எலுகெலாப் மறைந்தது, பதிவு நிலைத்தது.

முகிலின் எச்சத்தை மீட்பது இன்னும் அபாயமானது. வடிதாள்களைத் தாங்கிய போர்விமானங்கள் காளான் முகிலின் ஊடே புகுந்து மீண்டன. ஜிம்மி ராபின்சன் என்ற விமானி எரிபொருள் தீர்ந்து கடலில் வீழ்ந்து மாண்டார். அத்தாள்களைத் தாமதமின்றி அமெரிக்க ஆய்வுக்கூடங்களுக்குக் கொண்டுசெல்ல வேண்டியிருந்தது; அவ்வெச்சத்தில் பின்னர் இனங்காணப்பட்ட ஃபெர்மியம்-255 இருபது மணி நேரத்தில் பாதியாகத் தேய்ந்துவிடுவது. முதலில் அறியப்பட்ட ஐன்ஸ்டைனியம் அணுக்களோ இருநூறுக்கும் குறைவு. மேலும் வேண்டிப் பவளத் துகள்களையும் திரட்டி அனுப்பினர். இவ்விரு புதிய தனிமங்களும் அவ்வெச்சத்தில் கண்டறியப்பட்ட செய்தி வெளியிடப்பட்டது 1955-இல்தான்.

இதற்கு நேர்மாறானது 1954 மார்ச் 1-ஆம் தேதி பிகினிப் பவளத்தீவில் நிகழ்ந்த அமெரிக்கரின் ‘பிராவோ’ வெடிப்பு. சுமார் 6 மெகாடன் எதிர்பார்த்த இடத்தில் 15 மெகாடன் வெளிப்பட, வெண்சாம்பல் ஜப்பானிய மீன்பிடி கப்பலான ‘ஐந்தாம் அதிர்ஷ்ட நாகம்’ மீது மழைபோல் பொழிந்தது. விமானமில்லை, வடிதாளில்லை, நோயுற்ற 23 மீனவரும் தம்மையறியாமலே அச்சாம்பலை யாய்சு துறைமுகத்திற்குச் சுமந்துவந்தனர். அதனை ஆராய்ந்த ஜப்பானிய விஞ்ஞானிகள் யுரேனியம்-237 கண்டனர். அத்தகவல்களைக் கொண்டு, சக்தியின் பெரும்பகுதி சாதாரண யுரேனியத்தின் பிளவினால் விளைந்ததென பௌதிக விஞ்ஞானி ஜோசப் ராட்பிளாட் 1955-இல் வெளியிட்டார். வெடித்தவர் மறைத்ததைப் பிறர் படித்துவிட்டனர். அதன்பின் மறுப்பதற்கு இடமிருக்கவில்லை.

அளவையைப் பிறரும் சரிபார்க்க வேண்டுமென்ற நியாயம் நமக்குப் புதியதன்று. பௌதிக விஞ்ஞானி கே. எஸ். கிருஷ்ணன், 1948-இல் அமைந்த இந்திய அணுசக்திக் கமிஷனில் விஞ்ஞானிகளான பாபா, பட்நாகர் ஆகியோருடன் அங்கம் வகித்தவர். மெல்லிய இழையில் சிறு படிகத்தைத் தொங்கவிட்டு, காந்தப்புலத்தில் அது திரும்பும் கோணத்தைக் கொண்டு படிகத்தின் காந்தகுணம் திசைக்குத் திசை மாறுவதை அளந்த அவரே தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநர். ஒரு நாட்டின் அளவைப் பிரமாணங்களைக் காப்பதற்கென இவ்வாய்வுக்கூடம் போன்ற ஒரு ஸ்தாபனம் வேண்டியிருப்பது ஏன்? வியாபாரியின் தராசை வியாபாரியே சோதித்துக்கொள்வது போதாது என்பதனால்தான். அந்நியாயம் அணுகுண்டுக்கு மட்டும் பொருந்தாமற் போவதெங்ஙனம்?

நம் நாட்டின் போக்ரான் அணுப் பரிசோதனையில் இந்நியாயம் கைக்கொள்ளப்படவில்லை. பூமிக்கடியில் வெடிக்கும்போது எச்சம் உருகிய பாறையில் சிறைப்பட்டுவிடுவதால், மேலிருந்து துளையிட்டு மாதிரி எடுத்தாக வேண்டும். 1998 மே 11-ஆம் தேதி வெடித்த வெப்ப அணுக்கருச் சாதனத்தின் மாதிரிகளை இவ்வாறு எடுத்து ஆராய்ந்த பாபா அணு ஆராய்ச்சி மையத்தார், அதன் சக்தி ஏறத்தாழ 50 கிலோடன் என்றனர். அப்பரிசோதனையில் பாதுகாப்பு ஆராய்ச்சித் துறையின் சார்பில் பங்குகொண்ட கே. சந்தானம், எதிர்பார்த்த பலன் கிட்டவில்லை என்று 2009-இல் பகிரங்கமாகக் கூற, அணுசக்தித் துறையினர் மறுத்தனர். எவர் கூற்று மெய் என்பதை வெளியிலுள்ள எந்த விஞ்ஞானியாலும் சுயமாகத் தீர்மானிக்க இயலவில்லை. மாதிரிகளும் முழுக்கணக்கும் ஒரே கையில் இருந்தன.

முழுக்கணக்கு வெளிப்பட்டால் ஆயுத ரகசியம் போய்விடுமென்ற ஆட்சேபம் பொருளற்றதன்று. எனினும், ரகசியத்தைக் காக்கும் பிரமாணத்தோடு சில ரசாயனிகளும் நிலஅதிர்வு நிபுணர்களும் அம்மாதிரிகளையும் நிலஅதிர்வுப் பதிவுகளையும் தனியே ஆராய்ந்து முடிவை மட்டும் வெளியிடுவதில் எவ்விதப் பாதகமும் தோன்றவில்லை. அணுசக்தித் துறைக்கு வெளியிலிருந்து அத்தகைய குழுவொன்றை நியமித்து, 1998-ஆம் ஆண்டு மாதிரிகளை அதன் கையில் ஒப்படைக்குமாறு அரசாங்கத்தை நம் விஞ்ஞானச் சங்கங்கள் வற்புறுத்த வேண்டும்.