ஹாம்பர்க் ஓப்பன் டென்னிஸ் போட்டியின் வரலாறு

ஹாம்பர்க் ஓப்பன் என்பது ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் களிமண் தரையில் நடைபெறும் தொழில்முறை டென்னிஸ் போட்டியாகும். 1892-இல் தொடங்கிய இப்போட்டி, இன்றும் ஆடப்பட்டுவரும் மிகப் பழைய டென்னிஸ் போட்டிகளுள் ஒன்று. தேசிய வாகையர் பட்டத்துக்கான போட்டியாகத் தொடங்கி, ஆண்கள் டென்னிசின் ஒன்பது மாஸ்டர்ஸ் போட்டிகளுள் ஒன்றாக உயர்ந்த இது, 2009-இல் அந்தத் தகுதியை இழந்தது. ஒரு போட்டியின் மதிப்பை வீரர்கள் மட்டுமல்ல, ஆட்ட நாட்காட்டியில் அதற்குக் கிடைக்கும் வாரமும் முடிவுசெய்கிறது என்பதற்கு ஹாம்பர்க்கின் வரலாறு தெளிவான சான்றாகும்.

களிமண் தரை

களிமண் தரை என்று அழைக்கப்பட்டாலும், ஐரோப்பிய ஆடுகளங்களின் மேற்பரப்பு பொடியாக்கப்பட்ட செங்கல்லால் ஆனது. இதில் விழும் பந்து வேகம் குறைந்து, உயரமாக எழும்பும். எனவே ஒரு புள்ளிக்காக நெடுநேரம் பந்தைத் திருப்பி அடிக்க வேண்டியிருக்கும். வேகமான சர்வீஸைவிடப் பொறுமையும் உடல் வலிமையும் இங்கு அதிகம் பயன்படும். பாரிசில் நடக்கும் பிரெஞ்சு ஓப்பனும் இதே வகைத் தரையில் ஆடப்படுவதால், அதற்கு முந்தைய வாரங்களில் நடக்கும் களிமண் தரைப் போட்டிகளுக்கு வீரர்கள் தனி முக்கியத்துவம் தருகின்றனர்.

தொடக்க காலம்

முதல் போட்டி நடந்த 1892-ஆம் ஆண்டில் ஹாம்பர்க் நகரம் கடுமையான காலரா நோயால் பாதிக்கப்பட்டது. அந்நோய்க்கு 8,000-க்கும் மேற்பட்டோர் பலியாயினர். அவ்வாண்டு ஒற்றையர் பட்டத்தை வால்டர் பொன்னே வென்றார். 1896-இல் மகளிர் ஒற்றையர் போட்டி சேர்க்கப்பட்டது. 1897-இல் வெளிநாட்டவர் பங்கேற்க அனுமதிக்கப்பட்டனர். அவ்வாண்டே இங்கிலாந்து வீரர் ஜார்ஜ் ஹில்யார்டு பட்டம் வென்றார். பிரெஞ்சு வாகையர் போட்டி, பிரெஞ்சு மன்றங்களில் உறுப்பினராக இல்லாத வெளிநாட்டவருக்கு 1925-இல்தான் திறக்கப்பட்டது என்பது ஒப்பிடத்தக்கது.

1907-க்கும் 1925-க்கும் இடையில் ஓட்டோ ஃபுரோய்ட்ஸ்ஹைம் ஏழு முறை வென்றார். ஆண்கள் ஒற்றையரில் இதுவே அதிக எண்ணிக்கையாகும்.

நாசி ஆட்சியும் போரும்

காட்ஃபிரீட் ஃபொன் கிராம் 1932 முதல் 1935 வரை தொடர்ந்து நான்கு முறை பட்டம் வென்றார். 1934, 1936 ஆகிய ஆண்டுகளில் பிரெஞ்சு வாகையர் பட்டத்தையும் பெற்றார். 1938-இல் நாசி அரசின் ரகசியக் காவல்துறை அவரைக் கைது செய்தது. தன்பாலின உறவுக் குற்றச்சாட்டில் அவருக்கு ஓராண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. 1937, 1939 ஆகிய ஆண்டுகளில் ஹாம்பர்க்கில் வென்ற ஹென்னர் ஹெங்கெல், 1943-இல் கிழக்குப் போர்முனையில் உயிரிழந்தார்.

போரால் நின்றுபோன போட்டி 1948-இல் மீண்டும் தொடங்கியது. அப்போது 39 வயதை எட்டியிருந்த ஃபொன் கிராம், 13 ஆண்டு இடைவெளிக்குப் பின் மறுபடியும் பட்டம் வென்றார். அடுத்த ஆண்டும் அவரே வெற்றி பெற்றார்.

மகளிர் போட்டியும் செலஸ் மீதான தாக்குதலும்

ஜெர்மன் மகளிர் வாகையர் போட்டி 1979-இல் பெர்லினுக்கு மாற்றப்பட்டது. 1987 முதல் ஹாம்பர்க்கில் தனியாக ஒரு மகளிர் போட்டி நடத்தப்பட்டது. ஸ்டெஃபி கிராஃப் 1987 முதல் 1992 வரை தொடர்ந்து ஆறு முறை அதில் வென்றார். 1993 ஏப்ரல் 30 அன்று, மக்தலேனா மலேயேவாவுக்கு எதிரான காலிறுதியாட்டத்தின் இடைவேளையில் அமர்ந்திருந்த மோனிகா செலஸை ஒருவர் முதுகில் கத்தியால் குத்தினார். கிராஃப் மீண்டும் முதலிடம் பெற வேண்டும் என்பதே தாக்கியவரின் நோக்கம். அவருக்கு இரண்டாண்டுத் தண்டனை விதிக்கப்பட்டாலும், அது நிறுத்திவைக்கப்பட்டதால் அவர் சிறை செல்லவில்லை. செலஸ் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் களத்துக்கு வரவில்லை. ஜெர்மனியில் அவர் அதன்பின் ஒருபோதும் ஆடவுமில்லை. இந்நிகழ்வுக்குப் பிறகு உலகெங்கும் டென்னிஸ் அரங்குகளில் பாதுகாப்பு ஏற்பாடுகள் வலுப்படுத்தப்பட்டன.

மாஸ்டர்ஸ் காலம்

1990-இல் டென்னிஸ் தொழில்முறையாளர் சங்கம் (ஏடிபி) தன் போட்டித் தொடரைத் தொடங்கியபோது, ஹாம்பர்க் ஒன்பது உயர்நிலைப் போட்டிகளுள் ஒன்றாயிற்று. மே மாதத்தில், பிரெஞ்சு ஓப்பனுக்குச் சற்று முன்பாக நடந்ததால் முன்னணி வீரர்கள் பலர் வந்தனர். 1990 இறுதியாட்டத்தில் போரிஸ் பெக்கர் ஸ்பெயினின் ஹுவான் அகிலேராவிடம் தோற்றார். பெக்கர் தம் வாழ்நாளில் களிமண் தரையில் ஒற்றையர் பட்டம் எதையும் வெல்லவில்லை. 1993-இல் மிக்கேல் ஷ்டிக் வென்றார். 1997-இல் ரோத்தன்பாம் அரங்குக்கு மூடித் திறக்கும் கூரை அமைக்கப்பட்டது.

ரோஜர் ஃபெடரர் தமது முதல் மாஸ்டர்ஸ் பட்டத்தை 2002-இல் இங்கே பெற்றார். 2007 இறுதியாட்டத்தில் அவர் ரஃபேல் நடாலை 2-6, 6-2, 6-0 என்று வென்று, களிமண் தரையில் நடால் தொடர்ந்து பெற்றுவந்த 81 வெற்றிகளுக்கு முற்றுப்புள்ளி வைத்தார். 2008 இறுதியாட்டத்தில் நடால் ஃபெடரரை வென்றார். ஹாம்பர்க் மாஸ்டர்ஸ் தகுதியுடன் நடந்த கடைசி ஆண்டு அதுவே.

தகுதி இழப்பும் வழக்கும்

2009 முதல் மாட்ரிட் போட்டியைக் களிமண் தரைக்கும் மே மாதத்துக்கும் மாற்றவும், ஷாங்காய்க்கு மாஸ்டர்ஸ் தகுதி வழங்கவும், ஹாம்பர்க்கை ஜூலை மாதத்துக்குத் தள்ளி ஒரு படி இறக்கவும் ஏடிபி முடிவு செய்தது. இதை எதிர்த்து ஜெர்மன் டென்னிஸ் கூட்டமைப்பு, போட்டியின் இணை உரிமையாளரான கத்தார் டென்னிஸ் கூட்டமைப்புடன் சேர்ந்து 2007-இல் அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. வணிகப் போட்டியைக் கட்டுப்படுத்தும் வகையில் ஏடிபி செயல்படுகிறது என்பது அவர்களின் வாதம். 2008 ஆகஸ்டில் நடுவர் குழு ஏடிபிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2010-இல் மேல்முறையீட்டிலும் அத்தீர்ப்பு நிலைத்தது.

வழக்கு அத்துடன் முடியவில்லை. தோற்கும் உறுப்பினரே வழக்குச் செலவை ஏற்க வேண்டும் என்ற தன் விதியைக் காட்டி ஏடிபி பணம் கோரியது. இத்தகைய விதி தன்னளவில் செல்லாதது அல்ல என்று 2014-இல் டெலவேர் உச்ச நீதிமன்றம் கருத்துரைத்தது. இக்கருத்து பங்கு நிறுவனங்களுக்கும் பரவக்கூடும் என்ற விவாதம் எழுந்ததால், அந்நிறுவனங்கள் இவ்வகை விதியை வகுக்க 2015-இல் டெலவேர் சட்டமன்றம் தடை விதித்தது. ஒரு டென்னிஸ் போட்டியின் தேதி குறித்த பூசல் இவ்வாறு நிறுவனச் சட்ட வரலாற்றில் இடம்பெற்றது.

பிற்காலம்

ஜூலை மாதம் ஹாம்பர்க்குக்கு ஏற்றதாக இல்லை. விம்பிள்டன் புல்தரை ஆட்டம் முடிந்து, வட அமெரிக்கக் கடினத் தரைப் போட்டிகள் தொடங்கும் இடைவெளியில் களிமண் தரைக்குத் திரும்ப முன்னணி வீரர்கள் பலர் விரும்பவில்லை. வெற்றியாளருக்கான தரவரிசைப் புள்ளிகளும் 1,000 அல்ல, 500 மட்டுமே. ஆயினும் போட்டி நிற்கவில்லை. 2015-இல் நடால் வந்து பட்டம் வென்றார். மகளிர் போட்டி 2021-இல் நகருக்குத் திரும்பியது. 2023-இல் ஹாம்பர்க்கில் பிறந்த அலெக்சாண்டர் ஸ்வெரேவ் வென்று, 30 ஆண்டுகளுக்குப் பின் ஆண்கள் ஒற்றையர் பட்டம் பெற்ற ஜெர்மானியர் ஆனார்.

2025-இல் ஆண்கள் போட்டி பிரெஞ்சு ஓப்பனுக்கு முந்தைய வாரத்துக்கு மாற்றப்பட்டது. இத்தாலியின் ஃபிளாவியோ கொபொல்லி, ஆந்திரே ருப்லேவை வென்று பட்டம் பெற்றார். மாஸ்டர்ஸ் தகுதி திரும்பக் கிடைக்கவில்லை எனினும், 17 ஆண்டுகளுக்குப் பின் ஹாம்பர்க் மீண்டும் தன் பழைய மே மாதத்தைப் பெற்றது.