எதிரியின் காட்சியை நம்பி வாழ்ந்த பிரசாரகர்

கம்யூனிஸ்ட் அரசாங்கத்தின் தொலைக்காட்சியில் உத்தியோகம் வகித்த பத்திரிகையாளரைக் கூலிக்குப் பேசிய குரலென்று ஒதுக்கிவிடுவது பெரும்பாலோர் வழக்கம். கிழக்கு ஜெர்மனியில் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஒரே நிகழ்ச்சியை நடத்திய கார்ல் எடுவார்டு ஃபான் ஷ்னிட்ஸ்லரின் சரித்திரத்தை ஊன்றிக் கற்போர்க்கு அந்த அபிப்பிராயம் போதாது. அவரிடம் விசுவாசத்துக்குக் குறைவில்லை. அவர் கைக்கொண்ட முறையே அவர் காக்க முயன்ற அரசாங்கத்தின் பலவீனத்தை வாரந்தோறும் பறைசாற்றிற்று என்பதே என் வாதம்.

1918-இல் பெர்லினில் செல்வாக்குள்ள குடும்பத்திற் பிறந்து, ஜெர்மன் படையிற் சேவித்து, 1944-இல் பிரிட்டிஷாரிடம் சிறைப்பட்டு, பி.பி.சி.யின் ஜெர்மன் ஒலிபரப்பிற் பேசப் பழகி, யுத்தத்தின் பின் கொலோன் வானொலியிற் பொறுப்பேற்ற அவர், அரசியற் கொள்கை காரணமாகப் பிரிட்டிஷ் நிர்வாகத்தோடு பிணங்கி, 1947-இல், பின்னாளில் கிழக்கு ஜெர்மனியாகிய சோவியத் மண்டலத்துக்குப் பெயர்ந்தார். மறு ஆண்டு, பின்னர் அந்நாட்டை ஆண்ட சோஷலிஸ்ட் ஐக்கியக் கட்சியில் சேர்ந்தார்.

1960 மார்ச் 21 அன்று 'கறுப்பு அலைவரிசை' என்னும் அவரது நிகழ்ச்சி ஆரம்பமாயிற்று. திங்கட்கிழமை இரவில், ஜனங்கள் விரும்பிப் பார்த்த பழைய ஜெர்மன் திரைப்படம் முடிந்த கையோடு அது வரும்; மேற்கு ஜெர்மன் தொலைக்காட்சியின் செய்திகளிலிருந்து துண்டுகளை வெட்டியெடுத்துக் காட்டி, அவற்றுக்கு அவர் கடுமையாக மறுப்புரைப்பார். இங்கேதான் நம் ஆராய்ச்சிக்குரிய முரண்பாடு கிடக்கிறது. மறுப்பு என்பது மறுக்கப்படுவதை அறிந்தோர்க்கே பொருந்துமாதலால், கட்சிக்கு விருப்பமில்லாத காட்சிகளைக் குடிமக்கள் வீட்டிலிருந்தபடியே கண்டுவருகிறார்கள் என்பதை அந்நிகழ்ச்சி ஒவ்வொரு வாரமும் ஒப்புக்கொண்டது. 1961-இல் பெர்லின் சுவர் எழுந்தபின், கட்சியின் இளைஞர் சங்கத்தார் கூரைகளில் ஏறி, மேற்கை நோக்கிய ஆன்டெனாக்களைத் திருப்பியும் கழற்றியும் பார்த்தனர், பலிக்கவில்லை. 1973-இல் கட்சித் தலைவர் ஹோனெக்கரே, மேற்கத்திய ஒளிபரப்பை வேண்டியவர் வேண்டியபடி திறக்கலாம், மூடலாம் என்று பகிரங்கமாகக் கூறிவிட்டார். மேற்கின் அலைகள் எட்டாத டிரெஸ்டன் பகுதியிலோ நிலைமை இன்னும் விசித்திரமானது: மேற்கின் தொலைக்காட்சியை அங்குள்ளோர்க்குக் காட்டும் அரிய வாயில்களுள் ஒன்றாக அதன் பரம வைரியே அமைந்தார்!

அவருடைய தர்க்கத் திறமையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. முன்னாள் நாஜிகள் மேற்கு ஜெர்மனியின் பான் நகரத்து அரசாங்கத்தில் உயர் பதவி வகித்ததை அவர் சுட்டிய இடங்களில் உண்மை அவர் பக்கம் இருந்தது. ஆயினும் எதிரியின் வாக்கியத்தை வெட்டிக் காட்டும் உரிமை தமக்கு இருந்தும், தம் வாக்கியத்தை மறுக்கும் உரிமை தம் நாட்டில் எவர்க்கும் இல்லாதிருந்த நிலையில், அந்த உண்மையும் நம்பகத்தை இழந்தது. கடைக்கு முன் வரிசையில் நின்று, பிரயாண அனுமதிக்கு மனுக் கொடுத்துக் காத்திருந்த மனிதனுடைய அனுபவத்துக்கு மேற்கின் குற்றங்கள் எவ்வளவு மெய்யாயினும் விடையாகா. அந்த அனுபவத்தைக் குறித்துப் பேச அவருக்கு இடமுமில்லை, மனமுமில்லை.

1989 அக்டோபரில் லைப்ஸிக் நகரத் தெருக்களில் திரண்ட ஜனங்கள் ஏந்திய வாசகங்களில் அவர் பெயரும் இருந்தது. அம்மாதம் 30-ஆம் தேதி, 1519-ஆவது நிகழ்ச்சியில், சில நிமிஷங்களே பேசி அவர் விடைபெற்றார். பத்து நாட்களில் சுவரும் திறந்தது. கூலிக்காரராயிருந்தால் எஜமானர் வீழ்ந்ததும் வேறு கொள்கை தேடியிருப்பார். அவரோ ஜெர்மன் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்து, 2001-இல் இறக்கும்வரை தம் பழைய தீர்ப்புகளையே நிலைநாட்டி வந்தார்.