என்.எச்.2 என்றால் நெடுஞ்சாலை இல்லை

நம் விலாசத்தில் உள்ள என்.எச்.1, என்.எச்.2 என்பதை வெளியூர் உறவினர்கள் தேசிய நெடுஞ்சாலை என்றே நினைக்கிறார்கள். அது 'நெய்பர்ஹுட்' என்ற சொல்லின் சுருக்கம். பள்ளி, கடை, பூங்கா எல்லாம் நடந்து போகும் தூரத்தில் அமைந்த குடியிருப்புப் பகுதி என்று பொருள். அமெரிக்காவின் கிளாரன்ஸ் பெர்ரி 1929இல் விளக்கிய இந்தக் கருத்தை, இரண்டாம் உலகப் போருக்குப் பின் இங்கிலாந்தின் புதுநகரங்கள் எடுத்துக்கொண்டன. சென்னையின் நெரிசலைக் குறைக்க 1980இல் எம்.எம்.டி.ஏ. (இன்றைய சி.எம்.டி.ஏ.) நம் துணை நகரத்தை உருவாக்கியபோது இங்கும் அது வந்தது. தனித்தமிழ் இயக்கம் கண்ட மறைமலையடிகளின் பெயரும் ஊருக்குக் கிடைத்தது.

இதே நோக்கத்தோடு ஆம்ஸ்டர்டாம் நகரம் 1960களின் இறுதியில் பெய்ல்மர்மேர் என்ற புறநகரைக் கட்டியது. தேன்கூடு வடிவில் பத்து மாடிக்கும் மேலான கட்டடங்கள். கடைகளும் மெட்ரோ ரயிலும் தாமதமாகவே வந்தன; வீடுகள் காலியாகக் கிடந்தன. 1990களில் இடிக்கத் தொடங்கினார்கள். க்ளெய்பர்க் என்ற 500 வீட்டுக் கட்டடமும் இடிபட இருந்தது. கடைசியில் அதை ஒரு குழுவுக்கு ஒரே ஒரு யூரோவுக்கு விற்றார்கள். லிஃப்ட், நடைவழி போன்ற பொதுப் பகுதிகளை அந்தக் குழு சீரமைத்தது; வீட்டின் உட்புறத்தை வாங்கியவர்களே அவரவர் வசதிப்படி முடித்துக்கொண்டார்கள். 2017இல் அதற்கு ஐரோப்பியக் கட்டடக்கலை விருது கிடைத்தது. பிரான்சின் போர்தோ நகரில் 530 பழைய வீடுகளை, குடியிருந்தவர்களை வெளியேற்றாமலேயே விரிவுபடுத்தினார்கள். 2019இல் அதே விருது அதற்கு.

வங்கிக் கணக்கில் தேய்மானம் போக மீதி மதிப்பு என்று ஒன்று உண்டு. பழையது என்பதாலேயே எதையும் பூஜ்யம் என்று எழுதிவிட மாட்டோம். நம் ஊரின் மீதி மதிப்பு வீட்டுச் சுவரில் மட்டும் இல்லை. தெருவின் அகலத்திலும், பூங்காவிலும், காலி இடத்திலும் இருக்கிறது. ஃபோர்டு ஆலை 2022இல் உற்பத்தியை நிறுத்திய பிறகும் ஊர் காலியாகவில்லை.

இப்போது பல வீடுகள் நாற்பது வயதை நெருங்குகின்றன. இடித்து அடுக்குமாடி கட்டுவது அவரவர் உரிமை. ஆனால் பொது இடம் எல்லோருக்கும் சொந்தம். ஆகவே மூன்று யோசனைகள்: அங்கீகரித்த மனைப்பிரிவு வரைபடத்தின் நகலைச் சங்கம் பெற்று, ஒவ்வொரு பகுதியின் பூங்காவையும் திறந்தவெளியையும் பட்டியலிட வேண்டும். புதுச் சாலை போடும் முன் பழைய தாரைச் சுரண்டி எடுக்கும்படி நகராட்சியைக் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் சாலை உயர உயர நம் வீடுகள் பள்ளமாகும். இடிக்க நினைப்பவர்கள், பழுது பார்க்க எவ்வளவு ஆகும் என்று ஒரு பொறியாளரிடம் முதலில் கேட்க வேண்டும்.

அடுத்த பொதுக்குழுவில் இவற்றைப் பேசி முடிவெடுப்போம். அவசியம் வாருங்கள்.