கடிகையாரும் மாதிரி ஐ.நா. சபையும்

நம் ஊர்ப் பக்கத்துப் பள்ளிகளில் ஒரு புது வழக்கம் வந்திருக்கிறது. ‘மாடல் யு.என்.’ என்கிறார்கள். எட்டாவது, ஒன்பதாவது படிக்கும் பிள்ளைகள் கோட்டும் டையும் மாட்டிக்கொண்டு, மேசைமீது ஒரு நாட்டின் பெயர்ப்பலகையை வைத்துக்கொண்டு, அந்த நாட்டின் பிரதிநிதியாகப் பேசுகிறார்கள். “இது என்ன சார், மாறுவேடப் போட்டியா?” என்று என் வயதொத்த நண்பர்கள் சிலர் கேட்டார்கள். மாறுவேடந்தான், ஆனால் தூது போகக் கற்றுக்கொடுக்கும் மாறுவேடம். அதற்குப் பிள்ளைகளை எப்படித் தயார் செய்வது என்பதற்கு நம் காஞ்சியிலேயே ஒரு பழைய பாடம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். முதல் உலகப்போர் முடிந்தபின் 1920-ல் சர்வதேச சங்கம் தொடங்கியது. ஜெனீவாவில் கூடியது. அமெரிக்க அரசு அதில் சேரவில்லை. ஆனால் 1920-களிலேயே அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் அந்தச் சங்கத்தைப் போலவே மாதிரிக் கூட்டங்கள் நடத்தத் தொடங்கிவிட்டார்கள். 1945-ல் ஐ.நா. சபை பிறந்ததும் மாதிரிச் சங்கம் மாதிரி ஐ.நா. ஆயிற்று. ஹார்வர்டு பல்கலைக்கழக மாணவர்கள் 1950-களிலிருந்து நடத்துகிறார்கள். ஹாலந்து நாட்டின் ஹேக் நகரில் பள்ளிப் பிள்ளைகளுக்கான கூட்டம் 1968-ல் ஆரம்பமானது. அங்கிருந்து நம் நாட்டுப் பெருநகரங்களுக்கும், இப்போது நம்மூர் போன்ற இடங்களுக்கும் வந்திருக்கிறது.

நடைமுறை இதுதான். ஐ.நா.வில் இன்று 193 நாடுகள். அவற்றில் ஏதாவது ஒன்று பிள்ளைக்கு ஒதுக்கப்படும். ஐஸ்லாந்து வரலாம், பாகிஸ்தானும் வரலாம். விவாதப் பொருளை முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். அந்தப் பொருளில் அந்த நாட்டின் கொள்கை என்ன என்று ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும். சபையில் ‘நான் நினைக்கிறேன்’ என்று பேசக்கூடாது. ‘என் நாடு கருதுகிறது’ என்றுதான் பேசவேண்டும். பிறகு ஒத்த கருத்துள்ள நாடுகளோடு கூடிப் பேசித் தீர்மானம் எழுதி, திருத்தம் கேட்டு, வாக்கெடுப்புக்கு விடவேண்டும்.

காஞ்சிபுரத்துப் பிள்ளைக்குப் பாகிஸ்தான் வந்தால் என்ன செய்யும்? அந்த நாட்டின் நியாயம் என்று அந்த நாட்டார் எதைச் சொல்கிறார்களோ, அதைப் படித்து, பிசகாமல் எடுத்துச் சொல்ல வேண்டும். பயிற்சியின் உயிர் இந்த இடத்தில்தான் இருக்கிறது. ஆனால் பல இடங்களில் பயிற்சி என்ற பெயரில் கொடுப்பது ஆங்கில உச்சரிப்பும், ‘மாண்புமிகு தலைவர் அவர்களே’ என்பது போன்ற சடங்குச் சொற்களும், இணையத்திலிருந்து இறக்கிய நாலு பத்திகளும்தான். இதைப் பார்த்து, தறி வீட்டுப் பிள்ளை ‘இது இங்கிலீஷ்காரர்கள் விஷயம்’ என்று ஒதுங்கிவிடுகிறது. அது பெரிய நஷ்டம். பாவு, ஊடை இரண்டும் சேராமல் சேலை இல்லை என்று பிறந்த நாள் முதல் பார்த்து வளர்ந்த பிள்ளை அல்லவா அது!

இனி நம் ஊர்க் கதைக்கு வருவோம். பல்லவர் காலத்தில் காஞ்சியில் ‘கடிகை’ என்ற உயர்கல்விக்கூடம் இருந்தது. கர்நாடகத்தில் ஷிமோகா மாவட்டத்துத் தாளகுந்தாவில் ஒரு தூண் கல்வெட்டு உண்டு. அது சொல்லும் செய்தி: மயூரசர்மன் என்ற இளைஞன் தன் குரு வீரசர்மனோடு காஞ்சிக் கடிகைக்குப் படிக்க வந்தான். இங்கே ஒரு பல்லவக் குதிரை வீரனோடு அவனுக்குச் சண்டை மூண்டது. அவமானம் பொறுக்காமல் தர்ப்பையை விட்டு வாளை எடுத்தான். பல்லவரின் எல்லைக் காவலர்களை வென்று, ஸ்ரீபர்வதக் காடுகளைப் பிடித்துக்கொண்டு, பாணர் முதலிய சிற்றரசர்களிடம் கப்பம் வாங்கினான். கடைசியில் பல்லவரே அவனோடு சமாதானம் செய்து, மேற்குக் கடல்வரை ஒரு நிலப்பகுதியை அவனுக்கு விட்டுக்கொடுத்தார்கள். கதம்ப அரசு பிறந்தது. இது நான்காம் நூற்றாண்டுக் கதை. தெருச்சண்டையாக ஆரம்பித்தது ஒரு தனி ராஜ்யத்தில் போய் முடிந்தது. பேசித் தீர்ப்பதை முதல் நாளே செய்திருந்தால் இத்தனை ரத்தம் சிந்தியிருக்க வேண்டாம்.

அதே கடிகை எட்டாம் நூற்றாண்டில் வேறு ஒரு காரியம் செய்தது. கி.பி. 731 வாக்கில் இரண்டாம் பரமேசுவரவர்மன் இறந்தான். அரியணைக்கு ஆள் இல்லை. அப்போது அரசவைப் பெரியோர், மூலப்பிரகிருதி எனப்பட்ட குடிப்பெருமக்கள், கடிகையார் ஆகியோர் சேர்ந்து ஒரு தூதுக்குழுவாகப் போனார்கள். பல்லவ வம்சத்தின் இன்னொரு கிளையைச் சேர்ந்த இரணியவர்மனிடம் சென்று, ஓர் அரசனைத் தரும்படி கேட்டார்கள். அவன் தன் மக்கள் நால்வரையும் கேட்டான். மூத்த மூவர் மறுத்தார்கள். நான்காவது மகன் பல்லவமல்லன், வயது பன்னிரண்டு, ‘நான் போகிறேன்’ என்றான். இத்தனை சிறு பிள்ளையை எப்படி அனுப்புவது என்று தகப்பன் தயங்கினான். தரணிகொண்டபோசர் என்பவர் எடுத்துச் சொல்லித் தேற்றினார். பிள்ளை மலையும் ஆறும் காடும் கடந்து காஞ்சிக்கு வந்தான். நந்திவர்மன் என்ற பெயரில் முடிசூடி அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆண்டான்.

இந்தக் கதை முழுவதும் வைகுண்டப் பெருமாள் கோயில் திருச்சுற்றுச் சுவரில் வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. சிற்பங்களுக்குக் கீழே விளக்க எழுத்துகளும் உண்டு. காரைக்கால் பக்கம் காசாக்குடியில், பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் கிடைத்த செப்பேடும் இந்த மன்னனைக் குடிமக்கள் தேர்ந்தெடுத்தவன் என்றே சொல்கிறது.

இதில் நான் கவனிக்கும் விஷயம் ஒன்று. போனவர்கள் காஞ்சியின் தேவையை மட்டும் சொல்லியிருந்தால் காரியம் நடந்திருக்காது. எதிரே இருந்தவன் ஒரு தகப்பன். அவன் கவலை வேறு: ‘முன்பின் தெரியாத ஊருக்கு என் பிள்ளையை அனுப்பலாமா?’ அந்தக் கவலைக்குப் பதில் கிடைத்த பிறகுதான் காரியம் கைகூடியது. எதிரில் இருப்பவன் மனத்தில் ஓடுவதை அவனைவிடத் தெளிவாக அறிந்தவன்தான் தூதுவன்.

இது நம் மரபுக்குப் புதிதல்ல. அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியாரில் முதல் பகுதி பரபக்கம். பிற சமயத்தார் கொள்கையை எடுத்துச் சொல்லி அதற்கு மறுப்பும் சொன்ன பிறகே, சுபக்கம் என்ற தன் கொள்கை வருகிறது. மணிமேகலை வஞ்சி நகரில் மாதவன் வடிவம் கொண்டு, சமயவாதிகள் ஒவ்வொருவரிடமும் அவரவர் கொள்கையைக் கேட்டாள். அதன் பிறகுதான் காஞ்சிக்கு வந்து அறவண அடிகளிடம் அளவை நூல் கற்றாள். நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியிலும் கட்டுரை எழுதும் முறை இதேதான். முதலில் ஒரு பக்கம், அடுத்து எதிர்ப்பக்கம், பிறகு இரண்டையும் எடைபோட்டு முடிவு. எதிர்ப்பக்கத்தை நோஞ்சானாக எழுதினால் வாத்தியார் சிவப்பு மையால் அடித்துவிடுவார்.

இரண்டாவதாகக் கற்றுக்கொடுக்க வேண்டியது சொல்லின் எடை. 1967 நவம்பர் 22-ஆம் தேதி பாதுகாப்புச் சபை 242-ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. அரபு நாடுகளோடு நடந்த போரில் பிடித்த இடங்களிலிருந்து இஸ்ரேல் படைகள் விலக வேண்டும் என்பது அதில் ஒரு வரி. ஆங்கிலத்தில் அந்த இடத்தில் ‘தி’ என்ற சின்னச் சொல் இல்லை. ஆகவே பிடித்த எல்லா இடங்களுமா, சில இடங்களா என்பது தெளிவாகவில்லை. பிரெஞ்சு வாசகத்தில் ‘தே தெரித்துவார்’ என்று இருக்கிறது. அதைப் படித்தால் ‘அந்த இடங்களிலிருந்து’ என்ற பொருள் வருகிறது. இந்த ஒரு சொல்லை வைத்து இன்றுவரை வாதம் நடக்கிறது. ஆபீசில் ‘வேண்டும்’, ‘கூடும்’ என்ற இரண்டுக்கும் உள்ள தூரம் தெரியாத குமாஸ்தா கோப்பைக் கெடுப்பான். சபையில் கெடுவது நாடு.

கெடுவதும் வாழ்வதும் எங்கோ தொலைவில் நடக்கிற காரியம் அல்ல. புதுச்சேரி இணைப்புக்கான ஒப்பந்தம் 1956 மே 28-ல் கையெழுத்தாகி, 1962 ஆகஸ்டு 16-ல் அமலுக்கு வந்தது. அங்கே பிறந்து அங்கேயே குடியிருந்தவர் இந்தியக் குடிமகன் ஆவார். பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமானால் ஆறு மாதத்துக்குள் எழுதித் தர வேண்டும் என்பது அதில் ஒரு விதி. அப்போது நான் பள்ளிச் சிறுவன். அண்ணன் எழுதிக் கொடுத்தார், தம்பி கொடுக்கவில்லை. ஒரே வீட்டில் இரண்டு தேசம் என்று ஆன குடும்பங்களைப் பார்த்தவன். யாரோ இருவர் மேசையில் உட்கார்ந்து எழுதிய விதி எங்கள் தெருத் திண்ணை வரைக்கும் வந்தது.

அதனால் பள்ளி ஆசிரியர்களுக்கும் தாத்தா பாட்டிகளுக்கும் என் யோசனை இது. பிள்ளைக்கு நாடு ஒதுக்கியதும், முதல் வாரம் அந்த நாட்டுக்கு எதிரணியில் உள்ள நாட்டின் வாதத்தைத் தமிழிலேயே சொல்லச் சொல்லுங்கள். எதிரணிக்காரன் கேட்டால் ‘ஆமாம், இதுதான் என் கட்சி’ என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த அளவுக்குச் சரியாக இருக்கவேண்டும். இரண்டாம் வாரம் தன் நாட்டின் பக்கம். ஆங்கிலம் மூன்றாம் வாரம் வந்தால் போதும். விஷயம் கையில் இருக்கிற பிள்ளைக்கு மொழி பின்னாலேயே வரும்.

அதோடு, போட்டிக்குப் போகும்முன் ஒரு சனிக்கிழமை காலை பிள்ளைகளை வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு அழைத்துப் போங்கள். அந்தச் சிற்பங்களைக் காட்டிவிட்டு, வெளியே வந்து நிழலில் உட்கார வைத்து, ஆளுக்கு ஒரு வேடம் கொடுங்கள். ஒருவன் இரணியவர்மன், மூவர் மறுக்கும் பிள்ளைகள், ஒருத்தி பல்லவமல்லன், மற்றவர்கள் கடிகையார். மறுத்த மூவரின் காரணம் கதையில் இல்லை. அதைப் பிள்ளைகளே யோசித்துச் சொல்லட்டும். தகப்பனைச் சம்மதிக்க வைப்பது கடிகையார் பொறுப்பு. ஒரு மணி நேரம் போதும். கோட்டும் டையும் தேவையில்லை.